ஒரு லிட்டரில் எது அதிகம் ஓடும்?

எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோதும், என் பழைய எட்டு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் காரை யாரும் குறை சொல்ல விடமாட்டேன். கல்கத்தாவில் பக்கத்து வீட்டு வரதன் மட்டும், “என் ஆறு சிலிண்டர்தான் அதிக தூரம் ஓடும்” என்று சீண்டினான். டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, இரண்டு காரிலும் ஒரு லிட்டர் பெட்ரோல் பாட்டிலை மாட்டி, துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச் பக்கம் ஓட்டிப் பார்த்தோம்.

துறைமுக ரயில் பாதையின் நடுவில் என் பாட்டில் காலியாகி, கார் நின்றது. சரக்கு ரயில் ஊதிக்கொண்டு வந்தது. கதவு சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த வரதன், “கியரை எடுத்துத் தொலைடா!” என்று கத்தி, தன் காராலேயே முட்டித் தள்ளினான். இரண்டு காரும் தண்டவாளத்தைத் தாண்டிய மறுகணம் ரயில் கடந்தது.

“என் பாட்டில்ல இன்னும் மிச்சம் இருக்கு, பாத்தியா?” என்றான், நசுங்கிய பம்பரைத் தடவிக்கொண்டே.

அந்த மிச்சத்தால்தான் உயிரோடு இருக்கிறேன். அப்போதும், “எட்டுதான்டா வண்டி!” என்று கத்தினேன். இன்றுவரை நன்றி சொன்னதில்லை. இதை அவன் படிக்கட்டும்.