ஜாலான் என்ற சொல்

மூன்றாவது மலாய்க் கிராமத்தையும் விட்டு நானும் மனைவியும் நடந்துகொண்டிருந்தோம். பச்சை வயலும் நீல மலையும் பார்க்க அழகுதான்; தங்க இடம்தான் எவரும் தரவில்லை. கேட்ட வாசலிலெல்லாம் "ஜாலான்" என்றார்கள். சாலை என்று அர்த்தம், வழி காட்டுகிறார்கள் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். ஐந்து நாள் நம்பி நடந்தாள்.

படகேறிப் பினாங்குக்கு வந்து, சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடை முன் நின்றோம். கடைக்காரர் வாசலுக்கு வந்த நாயை "ஜாலான்" என்று விரட்டினார்.

"உங்கள மாதிரி அதுவும் வழி கேட்டுச்சா?" என்றாள். "இனி உங்ககூட ஒரு அடி நடக்க மாட்டேன்." படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க உக்காராதம்மா" என்றார் கடைக்காரர்.

"வேலை குடுங்கண்ணே, எந்திரிக்கிறேன்."

மறுநாள் காலை அவள் அங்கே பாத்திரம் கழுவினாள். வாசலில் சும்மா நிற்பவர்களை விரட்டும் வேலை எனக்கு. அதற்கான சொல்லை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.