காற்றடித்தால் ஓடுவான்

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரொக்கோ காற்று மைதானத்தின் குறுக்கே வீசிக்கொண்டிருந்தது. வானம் செங்கல்தூள் கரைத்த தண்ணீர் போல் இருந்தது. பல்லுக்குள் மணல் கடிபட்டது. அந்த நேரத்தில்தான் என் மருமகன், அதாவது என் அக்காவின் மகன், தன் நீலத் தலைக்கவசத்தைக் கழற்றி, ஆட்டக்காரர் உட்காருகிற வாங்கின் ஓரத்தில் வைத்தான். தானாகக் கழற்றவில்லை. கழற்றச் சொன்னவர் பயிற்சியாளர். அந்தக் குழுவில் அது வழக்கம்: சொல்வழி கேளாதவன் ஆட்டத்தின் நடுவிலே கவசத்தைக் கழற்றி எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். அவர் செய்தது பிழை என்று அன்றைக்கும் சொன்னேன். எழுபத்தொன்பது வயதிலும் அதையேதான் சொல்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்து என்று பெயர். ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆடுவார்கள். இத்தாலியின் பலேர்மோவில் அப்படி ஒரு குழு இருந்தது என்று சொன்னால் இப்போது எங்கள் தமிழ் ஆட்களே நம்புவதில்லை. கபோ சந்தையில் மீன் விற்கிற தடியன், இரண்டு வங்கிக்காரர், பல் வைத்தியத்துக்குப் படிக்கிற ஒருவன், இப்படிச் சேர்ந்த கூட்டம். மருமகனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. விடிய முன்னம் துறைமுகத்தில் கப்பல் அறைகளைக் கூட்டித் துடைப்பான். பிறகு பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. கிழமையில் ஆறு நாளும் அவனுக்கு யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள்: இதை எடு, அதைத் துடை, செருப்பைக் கழற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குவது அவன் கையில்தான். பத்து இத்தாலியர் வட்டமாகக் குனிந்து நின்று அவன் வாயைப் பார்ப்பார்கள். அவன் சொன்ன இடத்துக்கு ஓடுவார்கள். விளையாட்டுப் பைத்தியம் என்று கோயிலில் எங்கள் சனம் சிரித்தது. அவனுக்கு அது விளையாட்டு அல்ல என்பது எனக்குத் தெரியும்.

பயிற்சியாளரை எல்லோரும் மிஸ்தர் என்றே அழைத்தோம். இளமையில் மூன்று வருடம் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் படித்து, அங்கிருந்து அந்தக் குழுவின் ஆட்டமுறையைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வந்தவர். அதில் குவார்ட்டர்பேக்குக்கு ஒரே வேலை. பந்தை வாங்கி ஐந்து காலடி பின்வாங்க வேண்டும். முன்னால் தடியர்கள் மதில் போல் மறித்து நிற்பார்கள். அந்த மதிலுக்குப் பின்னால் இருக்கிற இடத்துக்குப் பெயர் பாக்கெட். அங்கே நின்று, தூரத்தில் ஓடுகிறவனுக்குப் பந்தை எறிய வேண்டும். ஓடக் கூடாது. "ஓடுகிறவன் பயந்தவன்" என்பார் மிஸ்தர். பயிற்சியில் துறைமுகக் கயிறு ஒன்றை மருமகனின் இடுப்பில் கட்டி, மறு நுனியைக் கம்பத்தில் கட்டிவிடுவார். அந்தக் கயிற்று நீளத்துக்குள் நின்றே அவன் எறியப் பழகினான். நன்றாகவும் எறிந்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆண்டவர் அவனுக்குக் கையோடு காலையும் கொடுத்திருந்தார்.

நான் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. அந்தக் குறுக்குக் காற்றில் மருமகன் பதினொரு தடவை எறிந்தான்; இரண்டு மட்டும் ஆள் கைக்குப் போனது. மூன்று தடவை பாக்கெட்டை விட்டு ஓடினான். மூன்று தடவையும் குழு முன்னேறியது. பூசை முடிந்து கட்லட் பொதிகளோடு வந்திருந்த எங்கள் ஆட்கள் துள்ளினார்கள். மன்னார்க்காரர் ஒருவர் என் தோளில் தட்டினார்.

"அண்ணை, உங்கடை மருமோன் குவெஸ்துராப் பொலிஸ் துரத்தின மாதிரியெல்லே பறக்கிறான்! பெர்மெஸ்ஸோ முடிஞ்சு போச்சே?"

"வாயைக் கழுவு" என்றேன். அவனுடைய பெர்மெஸ்ஸோ, அந்த நாட்டில் தங்குகிற அனுமதி, அடுத்த மாதம்தான் புதுப்பிக்க இருந்தது. முழங்கால் உடைந்தால் வேலை போகும், வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும் என்று நான் அதை வேறு யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஓட்டத்தோடு மிஸ்தர் கவசத்தைக் கழற்றச் சொன்னார். பல் வைத்திய மாணவன் உள்ளே போனான். அவன் புத்தகத்தில் உள்ளபடியே நின்றான், புத்தகத்தில் உள்ளபடியே எறிந்தான். காற்று புத்தகம் படிக்கவில்லை. ஆறுக்குப் பூச்சியம் என்று பின்னால் நின்றோம். கடைசி இரண்டு நிமிடத்தில் மிஸ்தர் வாங்குக்கு வந்தார்.

"போ. ஆனால் பாக்கெட்டுக்குள்ளே."

மருமகன் எழும்பவில்லை. "இருப்பேன், மிஸ்தர். நீங்கள் கதவைப் பூட்டாவிட்டால்."

மிஸ்தர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். மருமகன் கவசத்தைப் போட்டுக்கொண்டு போனான்.

பந்தை வாங்கினான். ஐந்தடி பின்வாங்கினான், ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையை உயர்த்தினான். எங்கள் ஓட்டக்காரர் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு ஓட, எதிரிகள் முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஓடினார்கள். நடு மைதானம் வெறிச்சென்று கிடந்தது. மிஸ்தரின் புத்தகமே அவனுக்கு வழி வெட்டிக் கொடுத்தது. மிஸ்தருக்கு மட்டும் அது தெரியவில்லை. "ஓடடா!" என்று எங்கள் சனம் கத்தியபோது அவன் பாதித் தூரம் போய்விட்டான். நாற்பது யார்டு. ஒருத்தன் கைகூடப் படவில்லை.

ஆறுக்கு ஆறு. அப்படிக் கோட்டைக் கடந்தால், பந்தை உதைத்து ஒரு புள்ளியோ, கிட்ட நின்று இன்னொரு முறை ஆடி இரண்டு புள்ளியோ எடுக்கலாம். அந்தக் காற்றில் உதைக்கப் பயந்து மிஸ்தர் இரண்டு விரலைக் காட்டினார். எதிரிகள் பதினொரு பேரும் மருமகனின் காலையே பார்த்தார்கள். இரண்டடி ஓடுவது போல் ஓடினான். பிறகு அவர்கள் தலைக்கு மேலால் மெதுவாகப் பந்தைத் தூக்கிப் போட்டான். கபோ மீன்காரன் அதைப் பிள்ளையை ஏந்துவது போல் ஏந்தினான். எட்டுக்கு ஆறு.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் மிஸ்தர் புதிய குவார்ட்டர்பேக்கை அறிவித்தார்: பல் வைத்திய மாணவன். மருமகனுக்கு, பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற இடம். "உன் காலுக்கு அதுதான் பொருத்தம். அன்றைக்குக் காற்று உதவியது. ஒவ்வொரு ஞாயிறும் காற்று வராது" என்றாராம்.

அன்று இரவு என் வேலை முடிந்து வந்த பேருந்தில் அவனும் இருந்தான், கவசத்தை மடியில் வைத்தபடி.

"தாற இடத்திலை நிண்டு விளையாடன்" என்றேன். எனக்கு எப்போதும் உள்ளதும் போய்விடும் என்ற பயம்.

"மாமா, காத்தடிச்சா ஓடுவன், காத்து இல்லாட்டி எறிவன். ரெண்டும் ஏலும் எண்டது குற்றமே? கிழமை முழுக்க மற்றவை சொல்லுற பக்கம்தானே ஓடுறன். ஞாயிறும் ஓடட்டோ?"

அவன் பிறகு அந்த மைதானத்துக்குப் போகவில்லை. கவசம் குழுவினுடையது என்று திருப்பிக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். "குவார்ட்டர்பேக் எண்டு தந்தது. இடத்தைத் திருப்பித் தரட்டும், இதைக் குடுக்கிறன்" என்று சொல்லி அனுப்பினான். பொலிசுக்குச் சொல்வோம் என்று மூன்றாம் முறை ஆள் வந்தது. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போகிறவன் பெயரில் களவுப் புகார்! அன்று மத்தியானம் வேலையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு நான் மிஸ்தரின் அலுவலகத்துக்குப் போனேன். கவசத்தைக் கொண்டு போகவில்லை.

"விலையைச் சொல்லுங்கள்" என்றேன்.

"பையன் நன்றாக எறிவான்" என்றார்.

"ஓடவும் செய்வான்" என்றேன். விலையைச் சொன்னார், எண்ணி வைத்தேன்.

மருமகன் இப்போது கனடாவில் இருக்கிறான். தலையில் பாதி நரை. தொலைக்காட்சியில் எறிகிற, ஓடுகிற குவார்ட்டர்பேக்குகளைத் தலையில் வைத்துக் கொண்டாடும்போதெல்லாம் எனக்குப் போன் எடுப்பான். "மாமா, பாத்தியளே?" என்பான். பார்த்தேன் என்பேன். அந்த நீலத் தலைக்கவசம் என் குளிர்ப்பெட்டிக்கு மேலே இருக்கிறது. மனைவி அதற்குள் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். கவசத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், வெட்டுப்பட்ட அரைநாள் சம்பளம் முப்பதாயிரம். மொத்தம் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் லீரா.