வண்டியைத் தூக்கிய பின்பாரம்

சங்கரன்கோவிலிலிருந்து மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்க் கல்யாணச் சேலை விற்பவன் நான். "சேலை கொண்டு வந்தவுக சாப்பிடாமப் போவக் கூடாது" என்று கல்யாண வீட்டார் விடமாட்டார்கள். நானும் ஒரு வீட்டிலும் மறுத்ததில்லை.

போன தையில், பனவடலிசத்திரம் தாண்டி ஓடைக்கரை மேட்டில் ஏறும்போது வண்டி பின்பக்கம் சாய்ந்து, நுகத்தடி மேலே தூக்கிவிட்டது. கழுத்துக் கயிறு இறுகிக் காளைகள் திணறின. பின்னால் உட்கார்ந்திருந்த நான் பதறிக் குதித்தேன். வண்டி உடனே நேராகிவிட்டது.

"பொதியைக் கூடுதலா ஏத்திட்டீரா வே?" என்று வண்டிக்காரர் சுடலையிடம் எரிந்து விழுந்தேன்.

"பொதி எப்பவும் உள்ளதுதான். பின்பாரம் நீங்கதான் அண்ணாச்சி."

அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு வீட்டில்தான் சாப்பாடு. மற்ற வீடுகளில் மோர் மட்டும். மேடு வந்தால் இறங்கி நடப்பேன்.

இந்தத் தையில் அதே மேட்டில் இறங்கப் போனேன்.

"உக்காருங்க அண்ணாச்சி, இப்ப நுகத்தடி தூக்காது" என்றார் சுடலை.