வீட்டுக்காரர் எங்கே வசிக்கிறார்?

ரொறொன்ரோவில் பனி கரையத் தொடங்கினால் வரிக்காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஊரில் நோன்பு வந்தால் கடைத்தெரு மாறுமல்லவா, அதே மாதிரி இங்கும் மாறும். பலசரக்குக் கடையின் மூலையில், வெங்காயச் சாக்குக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் கணினியும் முளைக்கும். 'இங்கே வரி செய்து தரப்படும்' என்று அட்டை தொங்கும். வரி செய்வதாம், சமோசா செய்வதுபோல! ஊரில், கனமூலையில், எங்கள் வாப்பா ஆயுள் முழுக்கத் தோட்டம் செய்தவர். அரசாங்கத்துக்கு இப்படியொரு படிவம் நிரப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நானோ வருடா வருடம் கையில் காகிதக் கட்டோடு அந்த மேசைக்கு முன்னால் போய்க் குந்துகிறேன்.

அந்த வருடம் மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இருந்தது. வாடகை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டது. சலீம் நானாவின் பெயரைச் சொன்னேன்; நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அவர் எங்கே வசிக்கிறார் என்று அடுத்த கேள்வி. வீட்டுக்காரன் எங்கே வசித்தால் குடியிருப்பவனுக்கு என்ன வந்தது? எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றேன். அது என் விலாசத்தைப் பார்த்துவிட்டு, அப்படியானால் இருவரும் ஒரே வீட்டிலா என்றது. இல்லை, நாங்கள் இருப்பது அவருடைய வீடு, ஆனால் அவர் தன்னுடைய வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். பாவம், பேனையைக் கீழே வைத்துவிட்டது. நான் உலகப்படத்தில் இலங்கையைக் காட்டி, அதன் மேற்குக் கரையில் விரல்போல நீண்டு கிடக்கும் கற்பிட்டியையும் காட்டியபிறகுதான் விளங்கியது.

விளங்கியதும் அதன் முகம் மாறியது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் குடியிருந்தால், வாடகையில் காற்பங்கை நான் பிடித்து மாதா மாதம் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டுமாம். கட்டாவிட்டால் அரசாங்கம் அவரைத் தேடிப் போகாது, என்னைப் பிடிக்கலாம் என்றது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நம்பிக்கை வராது. எனக்கும் வரவில்லை. அவர் உண்மையில் எந்த நாட்டில் குடியிருப்பவர் என்று தீர்மானிக்க ஒரு படிவம் இருக்கிறது, அதை அவர் நிரப்பிக் கையெழுத்து வைத்தால் உங்களுக்குத் தலையிடி இல்லை என்று சொல்லி, அந்தப் பிள்ளை அச்செடுத்துத் தந்தது.

சலீம் நானா கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழிக்காரர். தோட்டம் ஓய்ந்த மாதங்களில் அவருடைய குடும்பத்திடம் வாப்பா கருவாடு வாங்கி விற்ற பழக்கம். யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் நான் இங்கே வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் காத்துக்கொண்டு நின்றவர் அவர்தான். தன் வீட்டின் நிலக்கீழ் அறையைத் தந்தார். வேலை கிடைக்கும்வரை வாடகைக் கதையே எடுக்கவில்லை. அவருடைய மனைவி மைமூனா ராத்தா மாலையில் மாடிப்படிக் கைப்பிடியில் அகப்பையால் தட்டுவார். தட்டினால் சோறு ரெடி. பிற்காலத்தில் நான் வாடகை கொடுத்தபோதெல்லாம் நானா ரசீதுத் துண்டு எழுதித் தந்தார். ஒரு சதம் ஒளிக்காமல் வரியும் கட்டினார். இந்த நாடு நமக்குச் சோறு போட்டிருக்கிறது என்று அதைப் பெருமையாகச் சொல்வார். ஆகவே இது கள்ளக்கணக்குக் கதை இல்லை.

ராத்தா மௌத்தானது ஒரு தை மாதம். மண் கல்லாக இறுகிக் கிடந்தது. இயந்திரம் வைத்துத்தான் கபுறுக் குழி தோண்டினார்கள். அதற்குப் பிறகு நானாவுக்கு அந்த வீட்டுக்குள் இருக்கவே முடியவில்லை. மூன்று மாதம் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, மேல்வீட்டையும் எனக்கும், அதற்குள் வந்து சேர்ந்திருந்த என் மனைவிக்கும் தந்துவிட்டு, குளிர் ஜாக்கெட்டைக் கதவுக்குப் பின்னால் கொளுவிவிட்டுப் போனார். மூன்று மாதம் வருடங்களாகிவிட்டது. முந்தி யுத்த காலத்தில் நேவிக்காரனிடம் பாஸ் வாங்கிக் கடலுக்கு இறங்கிய கரையில் இப்போது வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு அலையில் பறக்கிறார்கள். நானா தன் வாப்பாவின் மீன் வாடி இருந்த காணியில் அவர்கள் தங்குவதற்காகக் கபானா என்று இரண்டு குடில் கட்டினார். ஆனாலும் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி நம்மட ஊடு எப்படி, கூரைப் பீலி துப்பரவாக்கினாயா என்பதுதான்.

படிவத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். "நான் எங்க தம்பி போன? ஊருக்கு வந்திரிக்கிறன். ஊட்ட விட்டுட்டா வந்த?" என்றார். பேசாமல் அந்தக் காற்பங்கை நாமே கட்டிவிடுவோம், வந்த காலத்தில் படுக்க இடம் தந்த மனிதன் என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. சட்டம் சட்டம்தானே என்று பெரிய மனிதன்போலக் கதைத்தேன். அந்த மார்கழியில் உம்மாவைப் பார்க்கக் கனமூலைக்குப் போனபோது, படிவத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். மனைவி சொன்னதைக் கேட்டிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

கண்டக்குழியில் நான் போய் இறங்கியபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. நானா சாரத்தோடு கபானா வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கறுத்து, மெலிந்து, ஆனால் முகம் தெளிந்திருந்தது. அங்கே அவருக்குப் பெயர் கனடா நானா. அந்தப் பக்கம் போன பையன்கூட, "கனடா நானா, எப்ப திரும்பிப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான். பிளேன்டீ வந்தது. படிவத்தை நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். காற்று அதைப் பறிக்கப் பார்த்ததால், அவர் ஒரு சங்கை எடுத்து மேலே வைத்தார்.

கனடாவில் வாகனம் உண்டா? வித்தாச்சு. வைத்திய அட்டை? பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார், மாரடைப்பு வந்தால் தேவைப்படுமே என்றார். உடுப்பு, தளபாடம் ஏதும் விட்டுவந்தீர்களா? கதவுக்குப் பின்னால் தொங்கும் கிழிந்த ஜாக்கெட்டையும் அரசாங்கம் கேட்கிறதா என்று சிரித்தார், அதை யாருக்காவது கொடுத்துவிடு என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுத்ததையும் வாசித்துவிட்டேன். உங்கள் மனைவி கனடாவில் இருக்கிறாரா?

"ஓம் எண்டு எழுது" என்றார் நானா.

"நானா, இது உசிரோட இரிக்கிற ஆக்களுக்குக் கேக்குற கேள்வி" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வள்ளமொன்றை ஆட்கள் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்தபடி இருந்தார். "மைமூனாவ அந்த மண்ணுல வச்சிட்டு, எனக்கு அங்க யாருமில்ல எண்டு எப்பிடித் தம்பி எழுதுற?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதாட்டி உனக்குக் கரச்சல் வருமா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காகிதத்தைக் காற்றிலே விட்டிருக்கலாம். காற்பங்குக் காசு என் குடும்பத்தை ஒன்றும் கொன்றிருக்காது. நான் ஓம் என்றேன்.

"அப்ப நீயே எழுது."

இல்லை என்ற கட்டத்துக்குள் நான் புள்ளடி போட்டேன். அவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையெழுத்து வைத்தார். பிறகு வழியில் சாப்பிட என்று கணவாய்க் கருவாடு சுற்றித் தந்தார்.

இப்போது எல்லாம் ஒழுங்கு, நானா கனடாவில் குடியிருப்பவர் அல்ல என்று தீர்மானமாகிவிட்டது. காற்பங்கு மாதா மாதம் அரசாங்கத்துக்குப் போகிறது, மிச்சம் நானாவுக்குப் போகிறது. ஏன் குறைகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வைத்திய அட்டையை அவரே திருப்பி அனுப்பிவிட்டார். பீலியைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டார். ஒருமுறை கதைக்கும்போது, "ஒங்கட ஊட்டுல குளிரா?" என்று கேட்டார்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் காலையிலும் பனி தூறியது. தொழுகைக்குப் பிந்திவிடுமே என்ற அவசரத்தில் கையில் அகப்பட்ட குளிருடுப்பைக் கொளுவிக்கொண்டு ஓடினேன். தொழுதுவிட்டு நேரே மையவாடிக்குப் போனேன். ராத்தாவின் கபுறுக் கல் தரையோடு தரையாகப் பனிக்குள் கிடந்தது. வெறுங்கையால் தட்டித் துடைத்து யாசீன் ஓதிவிட்டு, நானாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். கண்டக்குழியில் இருட்டிவிட்டது. கபானாவின் பல்ப் வெளிச்சத்தில் அவருடைய பாதி முகம்தான் தெரிந்தது. கடற்காற்றின் இரைச்சல் இங்கே பனிக்கு மேலே கேட்டது. பெருநாள் சலாம் சொல்லிக்கொண்டோம். கல்லைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது என்ட ஜாக்கெட்டா?"

குனிந்து பார்த்தேன். அதுதான். கொடுத்துவிடு என்றாரே, நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

"நல்லம்" என்றார். "அவக்கிட்டச் சொல்லு தம்பி, நான் வந்திரிக்கிறன் எண்டு."

ஜாக்கெட்டின் கை எனக்கு நீளம். அதை மடித்துவிட்டுக்கொண்டு, குனிந்து, ராத்தாவிடம் சொன்னேன்.