ராயபுரத்து மொரெல்லி

யுத்தம் முடிந்த மறு வருஷம், நான் குமாஸ்தாவாக இருந்த துறைமுகத்தில் இத்தாலியக் கிழவர் ஒருவர் வந்து இறங்கினார். ஒரே மகனைப் போரில் பறிகொடுத்தவர். அந்தக் காலத்தில் ராயபுரத்தில் குடியேறிய தன் பெரியப்பா மொரெல்லியின் வாரிசுகளைத் தேடித் தரச் சொன்னார்.

வெயிலில் தெருத் தெருவாக அலைந்து, மொரெல்லி என்றே பெயருள்ள மீனவர் ஒருவரைப் பிடித்துக் கிழவர் முன் கொண்டுவந்து நிறுத்தினேன். கிழவர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மீனவர் விழித்தார். "இன்னா சார் இது? அந்த மொரெல்லி தொரை எங்க தாத்தாவுக்கு ஞானத்தகப்பன். மாதா கோயில்ல ஞானஸ்நானத்தப்போ புள்ளைய ஏந்திக்கினு நின்னாரு, அவுரு பேரையே வச்சாங்கோ. தாத்தா பேரு எனக்கு வந்துச்சு. தொரைக்குக் கண்ணாலமே ஆவல."

"முன்னாடியே சொல்றதுக்கென்னய்யா?"

"நீ பேரைத்தானே கேட்ட?"

எரிச்சலை விழுங்கிக்கொண்டு, அழுதுகொண்டிருந்த கிழவரிடம் நானேதான் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் யாராவது வம்சம் தேடி வந்தால், அந்தப் பேரை வைத்தது யார் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.