காதக்காவும் கப்பலுக்குப் போன உப்பு பிஸ்கட்டும்

பிஸ்கட் கம்பெனியில் அவளுக்குப் பெயர் காதக்கா. அடுப்பிலிருந்து வரும் உப்பு பிஸ்கட்டைக் காதருகே வைத்து ஒடிப்பாள். 'டக்' என்றால் பாக்கெட்டுக்குப் போகும். 'மொத்' என்றால் உள்ளே ஈரம். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று, அடுப்புக்குள் ஓடும் பெல்ட்டை மெதுவாக ஓட்டச் சொல்வாள். பத்தொன்பது வருஷமாக அவள் தலையாட்டாமல் ஒரு பெட்டியும் வண்டி ஏறியதில்லை.

அன்று காலை பார்த்து, சளியில் இரண்டு காதும் கப்பென்று அடைத்துக்கொண்டன.

"லீவு போடேன்டி" என்று கத்தினான் புருஷன். அதுவே கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலக் கேட்டது.

"இன்னிக்கா? கப்பல் கம்பெனி ஆர்டர் போகுது. என்னைப் பெட்டி ஒட்ட அனுப்பணும்னு புது மேனேஜர் துடிக்கிறாரு."

"காது கேக்கலன்னு தெரிஞ்சா?"

"நீ ஊரக் கூட்டாம இருந்தா தெரியாது."

புது மேனேஜர் வந்த முதல் வாரமே போட்ட சட்டம்: பெல்ட் பக்கத்தில் பிஸ்கட்டைத் தின்று யார் வாய் அசைந்தாலும் வேலை காலி. அன்று அவரே கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார்.

அவள் ஒன்றை ஒடித்தாள். பஞ்சைப் பிய்த்த மாதிரி இருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"என்னம்மா, அனுப்பலாமா?" அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

தலையை ஆட்டிவிட்டால் போதும். கடலுக்குப் போனது திரும்பியா வரப்போகிறது? ஆனால் பாழாய்ப்போன கழுத்து அசையவில்லை. சட்டென்று பிஸ்கட்டை வாயில் போட்டுக் கடித்தாள். தாடை வழியாக மண்டைக்குள் தெளிவாகக் கேட்டது: மொத்.

பாக்கெட் போடும் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"கண்ணு முன்னாலயே தின்றீங்க!" மேனேஜர் அவள் அடைத்த காதுக்கே எட்டும்படி கத்தினார்.

"காது ரெண்டும் அடைச்சிருக்கு சார். பல்லாலதான் கேக்க முடியுது. இது ஈரம். பெல்ட்ட மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

"பல்லால கேக்குதா? யாருகிட்ட கதை விடறீங்க?"

"உங்க காதப் பொத்திக்கிட்டு நீங்களே கடிச்சுப் பாருங்க."

அவர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார். கை ஒழியவில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார். அவள் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள். கடித்தார். முகம் சுருங்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பெல்ட் மெதுவானது. அடுத்த தட்டு வருவதற்குள் மேனேஜர் மறுபடி காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து நின்றார்.

"ம்?" என்றாள் அவள்.

"டக்!" என்றார், வாய் நிறைய. "ஏத்துங்கம்மா வண்டில!"