டோரதி தயாரிக்க மறுத்த ஊசி

தொம்மலூரில் குடியிருந்த டோரதி, உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. 1995இல் ஒரு தனியார் மகப்பேறு ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். திரும்பத் திரும்பக் கரு கலைந்துபோகும் பெண்களுக்கென்றே அங்கே தனிப்பிரிவு இருந்தது.

கணவனின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து மருந்தாக்கித் தருவது அவள் வேலை. அதை மனைவிக்கு ஊசியாகப் போடுவார்கள். குழந்தையில் பாதி அப்பாவுடையது என்பதால் தாயின் உடம்பு அதை அந்நியமென்று நினைத்து விரட்டிவிடுகிறது; அப்பாவின் அணுக்களுக்கு அதை முன்பே பழக்கிவிட்டால் விரட்டாது. இது அன்றைக்குப் பல நாடுகளில் இருந்த எண்ணம். டோரதியும் நம்பினாள். பிள்ளை பெற்ற பெண்கள் மைசூர்பாக்கோடு வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளும்போது நம்பாமல் என்ன செய்வாள்?

2000ஆம் ஆண்டில், வெளிநாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வைப் படித்தாள். வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்ட பெண்களைவிட, இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் குறைவாகவே கரு தங்கியிருந்தது. நேரே தலைமை டாக்டர் ரகுராமிடம் போனாள்.

"இதை நிறுத்திடலாம் சார்."

ரகுராம் கெட்டவர் இல்லை. "நிறுத்திட்டு அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன சொல்றது? எங்க கையில ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்கன்னா?"

"அதுதானே சார் உண்மை."

"உண்மையைத் தேடியா டோரதி அவங்க இங்க வர்றாங்க?"

அந்த வாரம் ஊசிக்காக வந்தவள் இளவேனில். வேலூர்ப் பக்கத்துப் பெண். கணவனுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை. மூன்று கரு கலைந்திருந்தது. டோரதி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இந்த ஊசியால பிரயோஜனம் இருக்கிற மாதிரி தெரியலம்மா. கெடுதல்கூட ஆகலாம். போட்டுக்கிறதும் வேணாங்கிறதும் உங்க இஷ்டம். தெரிஞ்சு முடிவு பண்ணுங்க."

"அப்போ வேற இன்னா பண்றது மேடம்?"

"வேற மருந்து இப்போதைக்கு இல்ல. ஒண்ணும் போடாமலே தங்குறதும் உண்டு."

இளவேனில் ஊசி வேண்டாமென்று எழுந்து போனாள். இனி அந்த மருந்தைத் தயாரிக்க முடியாது என்று டோரதி ரகுராமிடம் சொல்லிவிட்டாள். அந்த வேலைக்கு மட்டும் வேறொருவரை வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருடமே இளவேனிலுக்கு நான்காவது கருவும் கலைந்தது. வேறிடத்தில் வேலை கிடைத்து டோரதி ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்த நாட்களில் இளவேனில் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் வாணான்னேன். போட்டிருந்தா தங்கியிருக்குமில்ல?"

தங்கியிருக்காது என்று சொல்ல வாயெடுத்தாள் டோரதி. ஆனால் ஆய்வு நூறு பெண்களைப் பற்றிச் சொல்லும். எதிரே நிற்கிற இந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லாது.

"தெரியலம்மா," என்றாள்.

இளவேனில் திரும்பிப் போனாள். அன்று ராத்திரி டோரதி நடந்ததை வீட்டில் சொன்னாள்.

"நீ பொய் சொல்லலையே," என்றான் அவள் கணவன் சில்வெஸ்டர்.

"சொல்லியிருந்தா, இன்னிக்கு அவ என்னைக் குத்தம் சொல்லியிருக்க மாட்டா."

அடுத்து அவள் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் கருப்பையின் அணுக்களையே நேராக ஆராய்ந்தாள். கருவின் தொடக்கத்தில் அங்கே எதிர்ப்பு அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்கின்றன. வேறு இடங்களில் ஆராய்ந்தவர்கள் சொன்னதையே அவளும் கண்டாள். அவை சிசுவைத் தாக்க வந்தவை அல்ல. ரத்தக்குழாய்கள் விரிந்து சிசுவுக்கு ரத்தம் போய்ச்சேர உதவுகின்றன. அதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து அவளுக்கு இளவேனில் நினைவாகவே இருந்தது. பழைய ஆஸ்பத்திரியில் பழகிய நர்ஸிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சில்வெஸ்டரோடு ஸ்கூட்டரில் பீன்யாவுக்குப் போனாள்.

இளவேனில் கதவைத் திறந்து, உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல் நின்றாள்.

"உங்க உடம்பு பிள்ளையை எதிர்த்துச் சண்டை போடுதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னோமே," என்றாள் டோரதி. "அது தப்பும்மா. அந்த அணுங்க பிள்ளைக்கு ஒத்தாசைதான் பண்ணுது. நீங்க எதையும் விரட்டல."

இளவேனிலின் முகம் கோணிற்று. "எங்க அத்த தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கு மேடம், இவ உடம்பே புள்ளைய தின்னுதுன்னு. நீங்களே வந்து அதுகிட்ட சொல்றீங்களா?"

உள்ளே அவள் மாமியார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். டோரதி பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த எளிய வார்த்தைகளில் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி டி.வி.யிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"அப்போ எதனாலதான் போச்சு?"

"இன்னும் தெரியலம்மா. தேடிக்கிட்டிருக்கோம்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்தே?" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி டி.வி. பக்கம் திரும்பினாள். இளவேனில் மட்டும் டோரதியின் கையைப் பிடித்து, அடுக்களைக்கு அழைத்துப்போய்க் காபி கலந்து கொடுத்தாள். கொடுக்கும்போது அழுதாள்.

அதன்பின் இளவேனிலுக்குக் கரு உண்டாகவே இல்லை. டோரதியின் பழைய ஆஸ்பத்திரியில் அந்த ஊசியை மேலும் சில வருடங்கள் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.